ஃப்ளோ மீட்டருக்குப் பழுது வந்தால் பிஎல்சிக்குத் தெரியுமா?

மணிக்கு 0 முதல் 200 கன மீட்டர் வரை அளக்கிற மேக்னடிக் ஃப்ளோ மீட்டர் ஒன்று. அந்த அளவை அது கரண்டாக மாற்றி பிஎல்சிக்கு, அதாவது ஆலையின் இயந்திரங்களை இயக்கும் கன்ட்ரோல் கம்ப்யூட்டருக்கு, அனுப்பும்: 4 மில்லிஆம்பியர் வந்தால் ஓட்டமில்லை, 20 வந்தால் 200. மீட்டருக்குள் பழுது ஏற்பட்டு, அது 22-ல் போய் நிற்கிறது என்று வையுங்கள். பிஎல்சியில் அதை ஃபால்ட் (பழுது) என்று யாரும் எழுதி வைக்காவிட்டால், திரையில் 225 என்று வரும். ஆபரேட்டர் ஓட்டம் கூடியிருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார். கரண்டை ஓட்ட அளவாக மாற்றும் ஸ்கேலிங்கில் மேல் எல்லை போட்டிருந்தால் இன்னும் மோசம்: சரியாக 200 காட்டும், சந்தேகம் வரவே வழியில்லை.

நான் அதிகம் பார்க்கிற தவறு இதுதான். மீட்டரை ஒருவர் செட் செய்கிறார், பிஎல்சி புரோகிராமை இன்னொருவர் எழுதுகிறார், இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. நாமூர் என்ற தொழில்துறை அமைப்பின் என்ஈ43 பரிந்துரைப்படி 3.8 முதல் 20.5 மில்லிஆம்பியர் வரை அளவீடு, 3.6-ம் அதற்குக் கீழும், 21-ம் அதற்கு மேலும் ஃபால்ட். இந்த எண்களை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வைக்க வேண்டும்.

அடுத்தது, பழுது வந்தால் மீட்டர் கரண்டை மேலே (21-க்கு மேல்) கொண்டுபோக வேண்டுமா, கீழே (3.6-க்கு) கொண்டுபோக வேண்டுமா என்பது. கம்பெனியிலிருந்து வந்த செட்டிங்கை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஓட்டம் குறைந்தால் பம்ப்பை நிறுத்தும் டிரிப் இருக்கிறதா? அங்கே ஃபால்ட் மேலே போனால், பம்ப் காய்ந்து ஓடினாலும் டிரிப் ஆகாது. கீழே வைப்பதுதான் சரி. அதே 3.6, ஓட்டத்தை வேண்டிய அளவில் வைக்க வால்வைத் தானாகத் திறந்து மூடும் பிஐடி கன்ட்ரோலருக்குப் போனால், ஓட்டமே இல்லை என்று நினைத்து வால்வை முழுசாகத் திறந்துவிடும். அதனால் ஃபால்ட் வந்ததும் கன்ட்ரோலர் மேனுவலுக்கு மாறும்படி எழுத வேண்டும். அப்புறம், மேலே என்று தேர்ந்தெடுத்தாலும் கீழ்ப் பக்கத்தைப் பார்க்காமல் விடாதீர்கள். ஒயர் அறுந்தால் கரண்ட் எப்போதும் 0-தான்.

சில மீட்டர்களில் 'கடைசி அளவையே பிடித்து வை' என்று ஒரு தேர்வு இருக்கும். டிரிப்புக்கோ கன்ட்ரோலுக்கோ போகிற சிக்னலில் அதைத் தொடவே தொடாதீர்கள். மீட்டர் செத்த பிறகும் 140 என்று நிதானமாகக் காட்டிக்கொண்டிருக்கும்.

குழாய் காலியானால் என்ன செய்வது என்பதையும் யோசித்து வையுங்கள். தொடர்ந்து ஓடாமல் தவணை தவணையாக ஓடும் பேட்ச் லைனில் குழாய் காலியாவது வழக்கம்தான், அங்கே பூஜ்யம் காட்டினால் போதும். எப்போதும் நிரம்பியிருக்க வேண்டிய லைனில் அது ஃபால்ட்.

சப்ளையும் சிக்னலும் ஒரே ஜோடி ஒயரில் போகிற இரண்டு ஒயர் மீட்டரில் மேல் ஃபால்ட் வைத்தால் வோல்டேஜையும் கணக்குப் பாருங்கள். 24 வோல்ட் சப்ளை, லூப்பில் (அந்த ஒயர் சுற்றில்) மீட்டரைத் தவிர 600 ஓம் என்றால், 22 மில்லிஆம்பியரில் 13.2 வோல்ட் அதிலேயே போய்விடும். மீதி 10.8. மீட்டருக்கு 12 தேவைப்பட்டால், அது 22-ஐ எட்டவே எட்டாது.

எல்லாம் முடிந்ததும் மீட்டரின் சிமுலேஷன் மெனுவில் 3.6, 22 இரண்டையும் அனுப்பிப் பாருங்கள். ஒயரையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். மூன்றுக்கும் கன்ட்ரோல் ரூமில் அலாரம் வர வேண்டும். கிளம்பும்முன் சிமுலேஷனை ஆஃப் செய்யுங்கள்.