ஈசிஆர் வார இறுதி: ஏற்பாடு செய்கிறவர்கள் சறுக்கும் இடங்கள்

எங்கள் குடியிருப்பின் கிரிக்கெட் அணியில், ஊர்சுற்றல் ஏற்பாடுகளை இந்த வருடம் முதல் இளையவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். நல்லதுதான். ஆனால் நாங்கள் அந்தக் காலத்தில் எங்கெங்கே தடுக்கி விழுந்தோமோ, அங்கெல்லாம் ஒன்றுவிடாமல் அவர்களும் விழுகிறார்கள். சன்ஸ்கிரீன் எடுத்துக்கொள்ளுங்கள், பவர் பேங்க் மறக்காதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. சென்னையிலிருந்து ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம், மாமல்லபுரம் பக்கம் போய் இரண்டு நாள் விளையாடி, சாப்பிட்டு, வேண்டியவர்கள் கொஞ்சம் குடித்து, சண்டையில்லாமல் திரும்புவதைக் கெடுக்கிற விஷயங்கள் மட்டும் இங்கே.

"பார்க்கலாம் மச்சி"யைத் தலைக்கணக்கில் சேர்ப்பது

எத்தனை வருடமானாலும் எனக்கு எரிச்சல் அடங்காத தவறு இது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "வில்லா போடலாமா?" என்று கேட்பார். கட்டைவிரல்கள் வரிசைகட்டி வரும். ஒருவர் நெருப்புப் படம் போடுவார். இன்னொருவர் "பார்க்கலாம் மச்சி" என்பார். ஏற்பாடு செய்கிறவர் இவை எல்லாவற்றையும் கூட்டிப் பன்னிரண்டு பேர் என்று எழுதிக்கொள்வார். தன் கிரெடிட் கார்டில் முன்பணத்தையும் கட்டிவிடுவார். அந்த நிமிடத்திலிருந்து அது அவருடைய கடன். கட்டைவிரல் காட்டியவர்களுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

சமீபத்தில் எங்கள் அணித் தம்பி ஒருவனுக்கு இதுதான் நடந்தது. சனிக்கிழமை இரவுக்கு 24,000 ரூபாய் வாடகையில் ஒரு வில்லா. பன்னிரண்டு பேர் என்றால் தலைக்கு 2,000. கேட்க நன்றாகத்தான் இருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் ஆரம்பித்தது. ஒருவருக்கு மாமியார் ஊரிலிருந்து வருகிறார். ஒருவருக்கு ஆபீசில் ரிலீஸ். ஒருவர் ஃபோனையே எடுக்கவில்லை. ஐந்து பேர் கழன்றுகொண்டார்கள். ஏழு பேரில் பங்கு போட்டால் தலைக்கு 3,400க்கு மேல் வருகிறது. "அண்ணா, வில்லாக்காரர் ஒரு ரூபாகூட குறைக்க மாட்டேங்கிறார்ணா" என்று என்னிடம் வந்து நிற்கிறான். அவர் ஏன் குறைக்க வேண்டும்? அவர் வாடகைக்கு விட்டது வீட்டை. அதில் ஏழு பேர் படுத்தாலும் பன்னிரண்டு பேர் படுத்தாலும் அவருக்கு ஒன்றுதான்.

வந்தவர்களின் கேள்வியிலும் நியாயம் இருந்தது: வராதவன் பங்கை நாங்கள் ஏன் கட்ட வேண்டும்? சரி, வராதவர்களிடம் கேட்டால், "நான்தான் வரலையே, எதுக்குடா காசு?" கடைசியில் மிச்சத்தைத் தம்பியே போட்டுக்கொண்டான். இரவுச் சாப்பாடும் பன்னிரண்டு பேருக்கு முன்கூட்டியே சொல்லியாகிவிட்டது. ஞாயிறு காலை நான்கு கிலோ பிரியாணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்குக் கோபம் வருவது பணத்துக்காக மட்டுமல்ல. கழன்றுகொண்டவர்களில் ஒருவர்கூடத் தான் ஏதோ தப்பு செய்ததாக இன்றுவரை நினைக்கவில்லை. அடுத்த பயணத்துக்கும் முதல் கட்டைவிரல் அவர்களுடையதாகத்தான் இருக்கும்.

இதற்கு மருந்து, பணம் போட்டவர் மட்டுமே வருகிறவர் என்பதுதான். கூச்சப்படாதீர்கள். தலைக்கு இவ்வளவு, இந்தத் தேதிக்குள் ஜிபே பண்ணவும் என்று ஒரே ஒரு செய்தி. அந்தத் தேதிக்குப் பிறகு பெயர்ப்பட்டியல் மூடப்படும். பின்னால் வர முடியாமல் போனால் பணம் திரும்பாது. தனக்குப் பதில் ஓர் ஆளைப் பிடித்துக் கொடுத்தால் அவரிடம் வாங்கிக்கொள்ளட்டும். முதல் தடவை முகம் சுளிப்பார்கள். இரண்டாம் தடவை பழகிவிடும்.

அந்தத் தேதியை எப்படி முடிவு செய்வது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கிளம்புகிற நாளிலிருந்து பின்னோக்கி எண்ணாதீர்கள். கட்டணமில்லாமல் ரத்து செய்யக் கடைசி நாள் என்று விடுதி ஒரு தேதி சொல்லும், அதிலிருந்து எண்ணுங்கள். அதற்கு இரண்டு நாள் முன்பே வசூல் முடிந்திருக்க வேண்டும். ஆள் சேரவில்லை என்றால் அப்போதே ரத்து செய்துவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை. ரத்து விதியை ஃபோனில் கேட்டு "ஓகே சார்" என்று வைக்காமல், எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும்.

இன்னொன்று, எண்ணிக்கை உறுதியில்லாத கூட்டத்துக்கு வில்லா சரிப்படாது. ரிசார்ட்டில் தனித்தனி அறைகள் போட்டால், இரண்டு பேர் குறையும்போது ஓர் அறையை மட்டும் விட்டுவிடலாம். தலைக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும்தான். ஆனால் சரியாகத் தெரிந்த ஆறு பேர், எட்டு பேர் என்றால் மட்டும் வில்லாவுக்குப் போங்கள். தலைகீழ்த் தவறும் உண்டு: எட்டு பேர் என்று பதிவு செய்துவிட்டுப் பதினொரு பேராகப் போய் இறங்குவது. காவலாளி வாசலிலேயே எண்ணுவார். கூடுதல் ஆளுக்கு அவர் சொல்வதுதான் விலை. பேரம் பேசுகிற நிலைமையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

குடிக்காதவரை டிரைவராகவும் ஏடிஎம்மாகவும் நடத்துவது

பாட்டில் செலவைப் பொதுக்கணக்கில் சேர்க்காதீர்கள். கோலி சோடா குடித்தவரிடம் விஸ்கிக்குப் பங்கு கேட்பது அநியாயம். போகவர அவர்தான் வண்டியும் ஓட்டுகிறார் என்றால் பெட்ரோலிலாவது அவர் பங்கைக் கழியுங்கள்.

சரக்கைக் கடைசி நேரத்துக்கு விடுவது

டாஸ்மாக் பகல் 12 மணி முதல் இரவு 10 மணி வரைதான். இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் மறப்பது விடுமுறை நாள் கணக்கை. நீண்ட வார இறுதி என்று நாம் துள்ளுவது பெரும்பாலும் குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி ஒட்டி வருவது. இவை அத்தனையும் மதுக்கடை மூடியிருக்கும் நாட்கள். பொங்கல் விடுமுறையில் திருவள்ளுவர் தினமும் அப்படியே. அன்றைக்கு ரிசார்ட்டின் பாரும் திறக்காது.

வெளியிலிருந்து கொண்டுபோவதை விடுதி அனுமதிக்குமா என்பதையும் பதிவு செய்யும்போதே கேளுங்கள். பார் வைத்திருக்கிற ரிசார்ட்டுகள் பல அனுமதிப்பதில்லை. வரவேற்பறையில் பையைத் திறந்து காட்டச் சொல்லும்போது குழந்தை குட்டியோடு நிற்பது நன்றாக இருக்காது.

புதுச்சேரி வரை போகிறவர்களுக்கு: அங்கே விலை குறைவு என்று டிக்கியில் நிரப்பிக்கொண்டு திரும்பாதீர்கள். தமிழ்நாட்டு எல்லைக்குள் வந்தவுடன் அது மதுக்கடத்தல். வழக்கு, வண்டி பறிமுதல் வரை போகும். "ரெண்டு பாட்டில்தானே சார்" என்று சோதனைச்சாவடியில் கெஞ்சுவதை நம்பித் திட்டம் போடக்கூடாது.

குடித்துவிட்டு ஓட்டினால், முதல் முறை பிடிபடும்போதே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, இல்லை இரண்டும். காலையில் எழுந்தால் தெளிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் கவனிக்க: நள்ளிரவு தாண்டிக் குடித்தவர் உடம்பில் காலையிலும் மிச்சம் இருக்கும்.

விளையாட்டை ஞாயிறு காலைக்கு வைப்பது

அட்டவணையில் எப்போதும் "ஞாயிறு காலை 6: சர்ஃபிங்" என்று இருக்கும். நடந்து நான் பார்த்ததில்லை. சனி இரவு ஒரு மணி வரை உட்கார்ந்திருந்த கூட்டம் ஆறு மணிக்கு எழுமா? வகுப்புக்குக் கட்டிய பணம் போனதுதான் மிச்சம்.

சனி காலைக்கு மாற்றுங்கள். அறை கிடைப்பதென்னவோ மதியம் 2 மணிக்குத்தான். பத்து மணிக்குக் கிளம்பி, ஈசிஆர் நெரிசலில் ஊர்ந்து, வரவேற்பறையில் பெட்டியோடு காத்திருப்பதற்குப் பதில் ஐந்து மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்புங்கள். கோவளம் நகரத்திலிருந்து 40 கிலோமீட்டர் பக்கம். சாலை காலியாக இருக்கும். காலையில் காற்று அடங்கி, அலை ஒழுங்காக வரும். வெயில் ஏறக் கடல்காற்று கிளம்பியதும் தண்ணீர் கலைந்துபோகும், முதல்முறை பலகையில் ஏறுகிறவர்களுக்குக் கஷ்டம். கோவளத்தில் மீனவக் குடும்பங்களிலிருந்து வந்த பயிற்சியாளர்களே சொல்லித்தருகிறார்கள். கடலோடு பிறந்து வளர்ந்தவர்கள், அவர்கள் இன்றைக்கு வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அப்படிச் சொல்லும் நாட்கள் அதிகம். விளையாடி முடித்து, இட்லி வடை சாப்பிட்டு, ஒரு தூக்கம் போடலாம் என்று தோன்றும்போது அறை தயாராக இருக்கும்.

வில்லா புல்வெளியில் கிரிக்கெட் வேண்டாம். கண்ணாடிக் கதவு ஒன்று போனால் வைப்புத்தொகை முழுவதும் அதற்கே சரியாகப் போய்விடும். வாலிபால் கொண்டுபோங்கள்.

நீச்சல்குளத்துக்குப் பருத்தி டீஷர்ட், ஜீன்ஸ் அரைக்கால்சட்டையோடு போனால் பல இடங்களில் இறங்க விடமாட்டார்கள். நைலான் துணி வேண்டும். அங்கேயே விற்பார்கள், விலையைப் பார்த்தால் குளிக்கும் ஆசையே போய்விடும்.

குடித்தவர் கடலில் இறங்குவது

கூடாது. கணுக்கால் அளவுகூடக் கூடாது.

குடிக்காதவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அலைகள் உடைந்து நுரைத்துக்கொண்டிருக்கும்போது நடுவே ஓர் இடம் மட்டும் அமைதியாகத் தெரியும். அங்கேதான் இறங்கலாம் என்று தோன்றும். கரைக்கு வந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பிப் பாய்கிற வழி பெரும்பாலும் அதுதான். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். நீலக்கொடிச் சான்று பெற்ற கோவளம் கடற்கரையில் குளிப்பதற்கென்று ஒதுக்கிய பகுதி உண்டு, உயிர்காக்கும் காவலர்களும் உண்டு. விடுதியின் பின்பக்கம் இருக்கும் தனிக் கடற்கரை பார்க்க அழகுதான், ஆனால் கூப்பிட்டால் ஓடிவர அங்கே ஆள் இல்லை.

மூன்று வேளையும் ரிசார்ட்டிலேயே சாப்பிடுவது

காலை உணவு அறை வாடகையில் சேர்ந்தே வரும், நன்றாகச் சாப்பிடுங்கள். மதியத்துக்கு வெளியே போங்கள். ஓர் இரவுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் அறை வாடகை வாங்கும் விடுதியின் உணவகத்தில் சாப்பாட்டுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. வெளியே சாதாரண உணவகத்தில் 5 சதவீதம். வரியை விடுங்கள், கடற்கரைக்கு வந்துவிட்டுப் பன்னீர் பட்டர் மசாலாவும் ஹக்கா நூடுல்ஸும் சாப்பிடவா இவ்வளவு தூரம்?

மாமல்லபுரத்தில் கடலையொட்டிய சின்னச் சின்ன உணவகங்களில் மீனைக் காட்டி, நீங்கள் கைகாட்டியதைப் பொரித்துத் தருவார்கள். கைகாட்டும் முன் மூன்று கேள்வி: விலை கிலோவுக்கா, ஒரு மீனுக்கா? எடை சுத்தம் செய்வதற்கு முன்னாலா, பின்னாலா? சமைக்கத் தனிக் கூலி உண்டா? இவற்றைக் கேட்காமல் சாப்பிட்டுவிட்டுப் பில்லோடு சண்டை போடுகிறவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

காலமும் தெரிந்திருக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் இந்தக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் போகாது, நாட்டுப்படகும் ஃபைபர் படகும்தான். நம்முடைய கோடை விடுமுறைப் பயணம் எல்லாம் சரியாக அதற்குள்தான் வரும். அந்த நேரத்தில் பெரிய வஞ்சிரத் துண்டைக் காட்டி "இன்னிக்குப் பிடிச்சது சார்" என்றால் சிரித்துவிட்டு, நெத்திலியோ காரப்பொடி மீனோ நண்டோ இருக்கிறதா என்று கேளுங்கள். கரைப்பக்கம் கிடைப்பது அதுதான், ருசியும் அதில்தான்.

பார்பிக்யூ

அடுப்பு இருக்கிறது என்பார்கள். கரி இருக்கிறதா என்று கேளுங்கள். இறைச்சிக்கு மசாலா தடவி வீட்டிலிருந்தே ஐஸ் பெட்டியில் எடுத்துப்போங்கள்.

ஸ்பீக்கர்

இரவு 10 மணிக்கு மேல் வெளியில் வேண்டாம். சட்டமும் அதுதான், பக்கத்து வில்லாவில் கைக்குழந்தை இருக்கும்.

மேட்ச் நாள்

டிவி இருக்கிறதா என்று கேட்காதீர்கள். ஓடுகிறதா என்று கேளுங்கள்.

ஞாயிறு மாலை நான்கு மணிக்குத் திரும்புவது

மொத்த சென்னையும் அதே நேரத்துக்குத்தான் திரும்பும். பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்து, மதியம் சாப்பிட்டு, ஒன்றரைக்குள் வண்டியை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் இருட்டி, கூட்டம் கலைந்த பிறகு ஒன்பது மணிக்கு மேல் கிளம்புங்கள். நடுவில் மாட்டினால் முட்டுக்காடு பாலத்தை நிதானமாக ரசிக்கலாம்.

உண்மையில் சனி இரவை விட்டு ஞாயிறு இரவு தங்குவது இன்னும் நல்லது. வாடகை நன்றாகவே குறையும், குளம் காலியாக இருக்கும், சமையற்காரருக்கு நம்மோடு பேச நேரம் இருக்கும். திங்கட்கிழமை லீவுக்கு மேனேஜரிடம் என்ன சொல்வது என்பது மட்டும் அவரவர் சாமர்த்தியம்.