கடற்கரையில் தங்காதீர்கள்: மொரீஷியஸை பஸ்ஸில் சுற்றுவது எப்படி

மொரீஷியஸுக்கு வருகிறோம் என்று ஊரிலிருந்து போன் வந்தால், அடுத்த கேள்வி "என்னென்ன பார்க்கலாம்?" என்பதாகத்தான் இருக்கும். திருச்சியிலிருந்து வந்து ரோஸ் ஹில்லில் ஒன்பது வருடமாகக் குடியிருக்கிறேன்; இதுவரை பதினைந்து குடும்பங்களுக்காவது பதில் சொல்லியிருப்பேன். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எங்கே தங்கப் போகிறீர்கள்?" ஏழு வண்ண மண்ணையும் அருவியையும் காட்ட வேன்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களை நம்பாமல் சொந்தக் காலில் ஒரு வாரம் இருந்து பார்க்க நினைக்கும் புதியவர்களுக்கு இந்தக் குறிப்பு.

படி 1: காகிதங்கள்

இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் முன்கூட்டி விசா வாங்க வேண்டியதில்லை. வந்திறங்கியதும் 60 நாள் வரை அனுமதி தருவார்கள். திரும்பும் டிக்கெட், தங்குமிட முகவரி, செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று ஆகியவை கையில் இருக்கட்டும். பயணத்துக்கு முன்பே இணையத்தில் நிரப்ப வேண்டிய படிவம் ஒன்று உண்டு. கறிவேப்பிலை, விதை, மாங்காய் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள்; செடி, பழ வகைகளுக்கு இங்கே கெடுபிடி அதிகம். கறிவேப்பிலை இங்கேயே சந்தையில் "கரிப்புலே" என்ற பெயரில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும்.

நீங்கள் வந்த சில நாளில் சுகாதாரத் துறை ஊழியர் ஒருவர் கதவைத் தட்டலாம். மலேரியா உள்ள நாடுகளிலிருந்து வருபவர்களை இங்கே கண்காணிக்கிறார்கள். காய்ச்சல் உண்டா என்று கேட்டு, விரல் நுனியில் சொட்டு இரத்தம் எடுத்துக்கொண்டு போய்விடுவார். பயப்பட ஒன்றுமில்லை.

படி 2: தங்குமிடம்

முடிவு எடுக்க வேண்டியது இங்கேதான். கடற்கரை விடுதியில் தங்கினால் கடல் கிடைக்கும், மற்றது எல்லாவற்றுக்கும் டாக்சி. தீவின் நடுமேட்டில் ரோஸ் ஹில், காத்ர் போர்ன், கியூர்பிப் என்று ஒன்றோடொன்று ஒட்டிய நகரங்கள் இருக்கின்றன. தீவில் மக்கள் நெருக்கமாக வசிக்கும் பகுதி இது. பஸ்கள் நாலா திசைக்கும் புறப்படுவதும் இங்கிருந்துதான். தலைநகர் போர்ட் லூயிஸிலிருந்து ரோஸ் ஹில் வரை 2020 முதல் ஓடும் மெட்ரோ ரயில் 2022இல் கியூர்பிப் வரை நீண்டுவிட்டது. வடக்கு தெற்காகத் தீவின் நீளமே ஏறக்குறைய 65 கிலோமீட்டர். எங்கே போனாலும் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம்.

இவற்றில் ரோஸ் ஹில் அல்லது காத்ர் போர்ன் என் தேர்வு. கியூர்பிப் அழகான ஊர், ஆனால் கடல் மட்டத்திலிருந்து 550 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்துகொண்டு எந்நேரமும் தூறுகிறது. ஜூலை, ஆகஸ்டில் அங்கே ஸ்வெட்டர் இல்லாமல் இருக்க முடியாது. ஊட்டிக்குப் போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டு மாடியில் ஓர் அறையை வாடகைக்கு விடும் குடும்பங்கள் உண்டு. முடிந்தால் அப்படி ஓர் அறையைப் பிடியுங்கள்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். எச்சரிக்கையை எண்களால் சொல்வார்கள். மூன்றாம் எண் வந்துவிட்டால் சுற்றுவதை மறந்துவிட்டு, ரொட்டியும் மெழுகுவர்த்தியும் வாங்கிக்கொண்டு அறைக்குள் இருங்கள்.

படி 3: கிழமையைப் பார்த்துத் திட்டமிடுங்கள்

இடங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு நாட்களை நிரப்பாதீர்கள். இந்தத் தீவு சந்தைக் கிழமைகளில் ஓடுகிறது. காத்ர் போர்னில் புதனும் சனியும் காய்கறி, வியாழனும் ஞாயிறும் துணிமணி. கிழக்கே ஃப்ளாக்கில் புதனும் ஞாயிறும். தென்கிழக்கே மாயிபூரில் திங்கள். எந்த ஊருக்கு எந்தக் கிழமை என்று முதலில் குறித்துக்கொண்டால் மற்றவை தானாக இடம் பிடித்துக்கொள்ளும்.

சந்தைக்குக் காலை ஏழு மணிக்குள் போய்விட வேண்டும் என்பது எங்கள் வீட்டுக்கார அம்மாளின் சட்டம். எழுபது வயதைத் தாண்டியவர். நான் அவரைத் தாந்தீன் என்று கூப்பிடுவேன். பிரெஞ்சிலிருந்து பிறந்து இங்கே எல்லோரும் பேசும் கிரியோல் மொழியில் அத்தை, சித்தி எல்லாவற்றுக்கும் அதுவே சொல். முருங்கைக்கீரைக் கட்டைத் தூக்கி, காம்பை ஒடித்துப் பார்த்து, "பிரேத் முரூம்" என்பார். மூன்று நான்கு தலைமுறை முன்னால் கப்பலில் வந்த முருங்கை அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. ரசத்தை "ரசோன்" என்பார். இவற்றைத் தவிர தமிழ் வாக்கியம் ஒன்றைக்கூட அவரால் முழுதாகச் சொல்ல முடியாது. தேவாரம் மட்டும் ரோமன் எழுத்தில் எழுதிவைத்து, ராகம் தப்பாமல் பாடுவார்.

படி 4: பஸ் பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

நெற்றிப் பலகையில் எண்ணும் ஊர்ப்பெயரும் இருக்கும். ஏறி உட்காருங்கள், கண்டக்டர் தேடி வருவார். இறங்குமிடத்தைச் சொல்லி, சில்லறையாகக் கொடுங்கள். பெரிய நோட்டை நீட்டினால் முகம் சுருங்கும். டிக்கெட்டை இறங்கும் வரை பத்திரமாக வைத்திருங்கள், நடுவழியில் பரிசோதகர் ஏறுவார். இறங்க மணியை அழுத்த வேண்டும். பள்ளி மாணவர்களுக்கும் முதியவர்களுக்கும் 2005 முதல் பஸ் இலவசம் என்பதால் பள்ளி விடும் நேரத்தில் உட்கார இடம் கிடைக்காது. அந்த ஒரு மணி நேரத்தைச் சாப்பாட்டுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

சொல்லிப் பழக வேண்டிய கிரியோல் கொஞ்சம்தான். ஏறும்போது "போன்ஸூர்". "சா பிஸ் லா அல் மாயிபூர்?" என்றால் இந்த பஸ் மாயிபூர் போகுமா. "கொம்மியே?" எவ்வளவு. "மெர்சி" நன்றி. இதோடு ஐந்தாவதாக ஒரு கேள்வியை எந்த மொழியிலாவது கட்டாயம் கேளுங்கள்: கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

இதைக் கேட்காமல் நான் பட்ட பாடு ஒன்று உண்டு. வந்த முதல் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கியூர்பிப்பில் பஸ் மாறி, தெற்குக் கோடியில் உள்ள சூயாக் போனேன். பஸ் நிறுத்தத்திலிருந்து கொஞ்சம் நடந்தால் கிரி கிரி என்ற கடல்முனை. தீவைச் சுற்றியுள்ள பவழப்பாறை வளையம் அங்கே அறுந்திருப்பதால் அலை தடையில்லாமல் வந்து பாறையில் மோதுகிறது. குளிக்கக் கூடாத கடல், ஆனால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். திரும்பி வந்தால் நிறுத்தத்தில் ஒரு நாயும் பூட்டிய பெட்டிக்கடையும்தான். கிராமத்துப் பக்கம் மாலை ஆறு, ஏழு மணிக்கெல்லாம் பஸ் ஓய்ந்துவிடும், ஞாயிறு இன்னும் சீக்கிரம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. டாக்சிக்குக் கொடுத்த காசில் ஒரு மாதம் காலை உணவு சாப்பிட்டிருக்கலாம். டாக்சி பிடிக்க நேர்ந்தால் ஏறுவதற்கு முன்பே தொகையைப் பேசி முடியுங்கள்.

போர்ட் லூயிஸில் இரண்டு பஸ் நிலையங்கள். நடுமேட்டுக்கும் தெற்கே போவதற்கும் விக்டோரியா. வடக்குக்கும் ஃப்ளாக் பக்கத்துக்கும் இமிகிரேஷன் ஸ்குவேர். இரண்டாவதன் பெயர்க் காரணம் பக்கத்திலேயே இருக்கிறது. 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் கரையேறிய ஆப்ரவாசி காட், 2006 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். அவர்கள் ஏறிய பதினாறு கல்படிகள் அங்கே உள்ளன. தஞ்சாவூர்க் கோயிலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு "இவ்வளவுதானா" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. இரண்டாம் முறை போனபோது ஒரு படியில் கால் வைக்கக் கூச்சமாக இருந்தது.

படி 5: சாப்பாடு

தெருமுனையில் கண்ணாடிப் பெட்டி வைத்த வண்டியும் முன்னால் வரிசையும் தெரிந்தால் நில்லுங்கள். அது தோல் பூரி. தோலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, "தால்" மருவி அப்படி ஆகிவிட்டது. கடலைப்பருப்பைப் பொடித்து உள்ளே வைத்துத் தேய்த்த, கைக்குட்டை போல மெல்லிய போளி. எப்போதும் ஜோடியாகத்தான் விற்பார்கள். "என் பேர்" என்று கேட்க வேண்டும், ஒரு ஜோடி என்று பொருள். வண்டிக்காரர் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் காகிதத்தில் விரித்து, மொச்சைக் கறி ஒரு கரண்டி, தக்காளித் தொக்கு போன்ற ருகாய் ஒரு கரண்டி தடவி, "பிமான்?" என்று நிமிர்ந்து பார்ப்பார். மிளகாய் வேண்டுமா என்கிறார். தலையாட்டினால் போதும். சுருட்டி, காகிதத்தின் ஒரு முனையை முறுக்கிக் கையில் கொடுப்பார். முறுக்கிய முனையைப் பிரிக்காமல் மேலிருந்து கடித்துக்கொண்டு வாருங்கள், இல்லையென்றால் சாறு முழங்கைக்கு வழியும்.

காலையில் "காத்தோ பிமான்". பெயர் பிரெஞ்சு, ஆள் நம்முடைய பருப்பு வடை. வெண்ணெய் தடவிய ரொட்டியைப் பிளந்து நான்கைந்தை உள்ளே அடைத்துத் தருவார்கள். வடைக்கு வெண்ணெயா என்று முகம் சுளித்தவர்கள் மறுநாள் எனக்கு முன்னால் வரிசையில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். சைவம் சாப்பிடுபவர்கள் "மோ பா மான்ஸ் லாவியான்", இறைச்சி சாப்பிட மாட்டேன், என்று சொல்லிவிட்டு, மீனும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள். மீனை இறைச்சிக் கணக்கில் சேர்க்காதவர்கள் உண்டு.

படி 6: எழுத்தையும் கோயிலையும் வாசியுங்கள்

இந்த நாட்டின் நூறு ரூபாய் நோட்டை எடுத்துப் பாருங்கள். அதிலிருப்பவர் அரசியல்வாதி ரெங்கநாதன் சீனிவாசன். மதிப்பு தமிழிலும் எழுதியிருக்கும். 1998இல் வெளியான நோட்டுகளில் இந்தியை முன்னால் போட்டுத் தமிழைப் பின்னுக்குத் தள்ளிவிட்டதாகத் தமிழர்கள் எதிர்த்ததால் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். தமிழ் பேசாத தமிழர்கள் செய்த காரியம் அது.

பஸ் ஜன்னலிலிருந்து கடைப் பலகைகளையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பிரெஞ்சு எழுத்துக்கூட்டில் நம் பெயர்கள் மாறுவேடத்தில் நிற்கும். "கூப்பன்" என்று இருந்தால் தள்ளுபடி என்று இறங்கிவிடாதீர்கள், அவர் குப்பன்.

கோயிலை இங்கேயும் "கோவில்" என்றே சொல்வார்கள். காத்ர் போர்னில் கோர் தெ கார்து மலைச்சரிவில் உள்ள முருகன் கோயிலுக்கு வெயிலுக்கு முன்னால் ஏறுங்கள். தைப்பூசக் காவடி இந்த நாட்டில் அரசு விடுமுறை. அந்தச் சமயத்தில் வருபவர்கள் அறையை வெகு முன்பே பிடித்துவிடுங்கள். "வணக்கம்" என்றால் வணக்கம் திரும்ப வரும், அடுத்த வாக்கியம் கிரியோலில் வரும். தமிழராக இருந்துகொண்டு தமிழ் தெரியாதா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். என் மாமா ஒருவர் கேட்டார். தாந்தீன் சிரித்துக்கொண்டே தட்டில் இன்னொரு அப்பளத்தை வைத்தார்; அன்று முழுக்க என்னால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

படி 7: கடைசி நாளை மாயிபூரில் வையுங்கள்

கடல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காத்ர் போர்னிலிருந்து ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் போகும் பஸ்ஸில் ஏறினால், சவுக்கு மரத்தடியில் பிரியாணிப் பானையோடு குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கலாம்.

விமானம் திங்கள் இரவாக இருந்தால் நல்லது. மாயிபூர் விமான நிலையத்துக்கு மிக அருகில் இருக்கிறது. பெட்டிகளை அங்கே ஒரு விடுதியில் போட்டுவிட்டுக் காலையில் திங்கள் சந்தை. பிறகு பஸ்ஸில் வியூ கிரான் போர். 1598இல் டச்சுக்காரர்கள் கால் வைத்த கரை அது. 1810இல் அந்த விரிகுடாவில் ஆங்கிலேயரை பிரெஞ்சுக்காரர்கள் தோற்கடித்தார்கள். பாரிஸ் வெற்றி வளைவில் அந்தப் போரின் பெயர் செதுக்கப்பட்டிருக்கிறது. அதே ஆண்டு டிசம்பருக்குள் தீவு ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது என்பது வேறு கதை.

சந்தையில் ஊறுகாய் வாங்குவீர்கள், வாங்காமல் யாரும் வந்ததில்லை. பாட்டிலை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் கட்டிப் பெரிய பெட்டியில் வையுங்கள். கைப்பையில் வைத்தால் சோதனை மேசையைத் தாண்டாது.