பழைய இணையதளத்தைத் தேடுபொறிக்கு ஏற்பச் சீர்செய்தல்: ஏற்காட்டு விடுதி ஒன்றை முன்வைத்து

2010ஆம் ஆண்டையொட்டி உருவாக்கப்பட்ட கடை, விடுதி இணையதளங்கள் சேலத்திலும் ஏற்காட்டிலும் இன்றும் பல இயங்குகின்றன. முன்பெல்லாம் கூகுளில் தேடினால் தங்கள் பெயர்தான் முதலில் வரும் என்றும், இப்போது மூன்றாம் பக்கத்தில்கூடக் காணவில்லை என்றும் அவற்றின் உரிமையாளர்கள் குறைப்படுகிறார்கள். அன்று அந்தத் தளங்களை முன்னே நிறுத்திய உத்திகளில் பாதி இன்று வீண். சில, கெடுதலும் செய்பவை. அத்தகைய ஏற்காட்டு விடுதித் தளம் ஒன்றை அண்மையில் சீர்செய்தபோது நான் பின்பற்றிய வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

எதையும் அழிப்பதற்கு முன், தளம் தேடலில் எப்படித் தென்படுகிறது என்று உரிமையாளருக்குக் காட்டும் கருவியான கூகுள் சர்ச் கன்சோலில் எந்தெந்தத் தேடல்களுக்கு எந்தப் பக்கம் தென்பட்டது என்று பாருங்கள். 16 மாதங்கள் வரையிலான விவரம் அங்கே கிடைக்கும். பழையது என்பதற்காகவே ஒரு பக்கத்தை நீக்கிவிட்டு, வருகையாளரில் பாதிப்பேரை அழைத்துவந்தது அதுதான் என்று பிறகு அறிவது வருத்தத்துக்குரியது.

அடுத்து, ஒளித்துவைத்த சொற்களைத் தேடி நீக்குங்கள். பக்கத்தில் ஒரு சொல் எத்தனை முறை வருகிறது என்பதைத் தேடுபொறிகள் பெரிதும் நம்பிய தொண்ணூறுகளின் பழக்கம் அது. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுக் கடைக்காக, வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் 'சேலம் கொலுசு' என்று நானே நாற்பது முறை எழுதியிருக்கிறேன்; பக்கத்தின் அடியில் ஏன் இவ்வளவு வெற்றிடம் என்று கடைக்காரர் கேட்டபோது, வடிவமைப்பு அப்படி என்று சமாளித்தேன். இன்று அது கூகுளின் ஸ்பேம் விதிகளை மீறும் செயல். பக்கத்தின் நிரலில் வருகையாளர் கண்ணுக்குத் தெரியாமல் குறிச்சொற்களை அடுக்கும் மெட்டா கீவேர்ட்ஸ் பட்டியலோ வெறும் சுமை. தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009இலேயே அறிவித்துவிட்டது. அதை நீக்கினாலும் விட்டாலும் ஒன்றே.

தமிழ்த் தளங்களுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. இதற்கு நேரம் ஒதுக்குவது தகும். ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் பொதுமுறையான யூனிகோடு பரவலாவதற்கு முன், பாமினி போன்ற எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்தியிருந்தார்கள். பார்ப்பவர் கண்ணுக்கு 'ஏற்காடு' என்று தெரிவது, தேடுபொறிக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் குவியல். உங்கள் பக்கத்திலிருந்து ஒரு வரியை நகலெடுத்துக் கைப்பேசிக் குறிப்பேட்டில் ஒட்டிப்பாருங்கள். தமிழாகவே வந்தால் யூனிகோடுதான், இல்லையெனில் எழுத்துரு மாற்றியைக் கொண்டு முழுவதையும் மாற்ற வேண்டும். மாற்றும்போது இடையிலுள்ள ஆங்கிலச் சொற்களும் மின்னஞ்சல் முகவரியும் சிதைந்துவிடும் என்பதால், அவற்றைத் தனியே எடுத்துவைத்துப் பிறகு சேர்ப்பது நல்லது. அறை வாடகை, உணவுப் பட்டியல் ஆகியவற்றைப் படமாகப் போட்டிருந்தால், அவற்றையும் எழுத்தாகவே தட்டச்சு செய்யுங்கள்.

இணைப்புகளின் கதை வேறு. ஸ்டான்ஃபோர்டில் லாரி பேஜும் செர்கே பிரின்னும் உருவாக்கி, 1998இல் கூகுளின் அடித்தளமான பேஜ்ரேங்க் முறை, பிற தளங்கள் தரும் இணைப்புகளை ஒருவகைச் சான்றாகக் கொண்டது. சான்றுக்கு மதிப்பு வந்ததும் சான்று விற்பனைக்கு வந்தது. காசு கொடுத்துப் பட்டியல் தளங்களில் சேர்வதும், யாரோ ஒருவரோடு இணைப்பை மாற்றிக்கொள்வதும் கூகுள் தன் தரவரிசை முறையில் 2012 ஏப்ரலில் கொண்டுவந்த 'பென்குவின்' என்ற மாற்றத்தால் அடிவாங்கின. 2016 முதல் இத்தகைய இணைப்புகளின் மதிப்பையே கழித்துவிடுவது கூகுளின் வழக்கமாகியிருப்பதால், சர்ச் கன்சோலில் 'மேனுவல் ஆக்‌ஷன்' (விதிமீறலுக்காகக் கூகுள் ஊழியர்கள் நேரடியாக எடுக்கும் நடவடிக்கை) அறிவிப்பு வராதவரை பழைய குப்பை இணைப்புகளை ஒவ்வொன்றாகத் துரத்த வேண்டியதில்லை. உங்கள் விடுதி காபித் தூள் வாங்கும் தோட்டம், விருந்தினரை அழைத்துச் செல்லும் மலையேற்றக் குழு ஆகியோர் தங்கள் தளத்தில் உங்களைக் குறிப்பிட்டால் அதுவே போதுமான சான்று.

அந்த விடுதித் தளத்தில் சேலத்திலிருந்து வருவோருக்கு, ஓமலூரிலிருந்து வருவோருக்கு, ஆத்தூரிலிருந்து வருவோருக்கு என ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிய பதினொரு பக்கங்கள் இருந்தன. தரவரிசை முறையில் கூகுள் 2011இல் செய்த 'பாண்டா' மாற்றத்துக்குப் பிறகு இப்படிப்பட்ட வெற்றுப் பக்கங்கள் தளம் முழுவதையுமே கீழே இழுக்கக்கூடியவை. அவற்றை ஒரே வழிகாட்டிப் பக்கமாக்கி, பழைய முகவரிகளிலிருந்து 301 என்னும் நிரந்தரத் திசைமாற்றம் கொடுத்தேன்; பழைய முகவரிக்கு வருவோர் தானாகவே புதிய பக்கத்துக்குப் போய்விடுவார்கள்.

அந்த ஒரு பக்கத்தில் என்ன எழுதுவது என்பதே இன்றைய வேலையின் பெரும்பகுதி. கூகுளின் தேடல் முறையில் 2013இன் 'ஹம்மிங்பேர்டு', 2019இன் 'பெர்ட்' ஆகிய மாற்றங்கள் வந்தபின், தேடுபொறி தனிச் சொற்களைக் கடந்து கேள்வியின் கருத்தைப் புரிந்துகொள்ள முயல்கிறது. ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் எப்படியெல்லாம் பிழையாக எழுதுவார்கள் என்று யோசித்துத் தனித்தனிப் பக்கம் போட்ட காலம் போய்விட்டது. விடுதித் தொலைபேசியின் அருகே ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்து, ஒரு மாதத்துக்கு வரும் கேள்விகளை அப்படியே எழுதிவைக்கச் சொன்னேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் டெம்போ டிராவலர் ஏறுமா, குப்பனூர் வழியாக வருவது எளிதா, டிசம்பரில் வெந்நீர் எப்போதும் கிடைக்குமா, ஏரிக்கு நடந்தே போகலாமா, எந்த நிறுவனத்தின் சிக்னல் கிடைக்கும் என்று வந்த கேள்விகள் எந்தக் குறிச்சொல் கருவியிலும் கிடைக்காதவை. ஒவ்வொன்றுக்கும் நேர்மையான விடையையும், அங்கேயே எடுத்த படத்தையும் சேருங்கள். பக்கத் தலைப்பில் விடுதியின் பெயரும் ஊரும் பக்கத்தின் பொருளும் இருந்தால் போதும்.

கைப்பேசியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தளத்தின் கைப்பேசி வடிவத்தையே கூகுள் முதன்மையாகப் படிக்கிறது. பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தோன்ற வேண்டும் என்பது அதன் அளவுகோல். கேமராவில் எடுத்த பெரிய படங்களை அப்படியே ஏற்றாமல் சுருக்கி, குறைந்த அளவில் படத்தைச் சேமிக்கும் வெப்பி (WebP) வடிவில் ஏற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். பக்கத்தின் வேகத்தை அளக்கும் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் கருவியில் சோதித்துக்கொள்ளுங்கள்.

கடைகளுக்கும் விடுதிகளுக்கும், கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் தோன்றும் விவரப் பக்கமான கூகுள் பிசினஸ் புரொஃபைல் இன்று தளத்துக்கு நிகரான முக்கியத்துவம் உடையது. பெயர்ப்பகுதியில் பலகையில் உள்ள பெயரை மட்டும் எழுதுங்கள். 'ஏற்காட்டின் சிறந்த குறைந்த வாடகை விடுதி' என்று நீட்டினால் கணக்கு முடக்கப்படலாம். வரைபடக் குறி வாசலில்தான் விழுந்திருக்கிறதா என்று நேரில் நின்று சரிபாருங்கள். நான் பார்த்த விடுதியின் குறி பக்கத்துக் காபித் தோட்டத்துக்குள் இருந்தது. இரவில் வந்த விருந்தினர் சிலர் அங்கே போய் நாய்க் குரைப்பைக் கேட்டுத் திரும்பியிருக்கிறார்கள்.

2024 முதல் இந்தியாவில் தேடல் முடிவுகளின் மேலேயே செயற்கை நுண்ணறிவு சுருக்கமான விடையைத் தருகிறது. அதற்கென்று தனி உத்தி விற்பவர்கள் சேலத்துக்கும் வந்துவிட்டார்கள். வழக்கமான தேடலில் இடம்பெறத் தகுதியுள்ள பக்கமே அதிலும் இடம்பெற முடியும் என்கிறது கூகுளின் வழிகாட்டி. தனிக் கட்டணம் கொடுப்பதற்கு முன் மேலே சொன்னவற்றை முடித்துவிடுங்கள்.

மாற்றங்கள் முடிந்ததும் சர்ச் கன்சோலில் ஒவ்வொரு முக்கியப் பக்கத்துக்கும் மறுபதிவு கோரிக்கை (அதை மீண்டும் படித்துப் பதியுமாறு கூகுளிடம் கேட்பது) கொடுத்துவிட்டுச் சில மாதங்கள் பொறுத்திருங்கள். பலனை அளக்கும்போது மே மாதத்தை ஜூனோடு ஒப்பிடாதீர்கள். கோடைவிழாக் கூட்டம் இறங்கியதும் எந்த விடுதிக்கும் எண்ணிக்கை சரியும். இந்த ஆண்டு ஜூனை, சென்ற ஆண்டு ஜூனோடு வைத்துப் பாருங்கள்.