விலை உயர்ந்த கேமரா: பணம் கட்டும் முன் செய்யக் கூடாத தவறுகள்

"ஒன்றரை லட்சம் இருக்குதுங்க, எந்த பாடி வாங்கலாம்?" என்று, லென்ஸை விட்டுவிட்டுக் கேமரா உடலிலிருந்து ஆரம்பிப்பதுதான் முதல் தவறு. கல்யாண மண்டபமா, குளத்துப் பறவையா என்று முடிவு செய்யாமல் பாடியைத் தேடினால் பணமெல்லாம் அதற்கே போய்விடும். மிஞ்சுவது பெட்டியோடு வரும் 18-55 கிட் லென்ஸ்தான். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதை.

மண்டபத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கொங்குக் கல்யாணத்தில் இணைச்சீர் சடங்கு இரவில், முகூர்த்தம் பெரும்பாலும் விடியற்காலையில். வெளிச்சம் இழுபறிதான். ஏபிஎஸ்-சி என்ற சிறிய சென்சாரிலிருந்து (படம் பதியும் சில்லு) ஃபுல் ஃபிரேம் என்ற பெரிய சென்சாருக்கு மாறினால் பரப்பு சுமார் 2.3 மடங்கு பெரிதாகும், வெளிச்சமும் ஏறக்குறைய அவ்வளவுதான் கூடும். ஆனால் பழைய பாடியிலேயே கிட் லென்ஸைக் கழற்றி 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் மாட்டினால் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துளை அகலும்), 55 மி.மீ.யில் எஃப் 5.6 தந்ததைவிட 9 மடங்குக்கு மேல் வெளிச்சம் உள்ளே வரும். ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன், கூட்டினால் படம் புள்ளி புள்ளியாகும்) 6400 தேவைப்பட்ட இடத்தில் 800 போதும். ஒரு சங்கடம் உண்டு: எஃப் 1.8-இல் மாப்பிள்ளையின் கண் தெளிவாக இருக்கும், பின்னால் நிற்கும் தாய்மாமன் மங்கிவிடுவார். குரூப் போட்டோவுக்கு ஃபிளாஷ் போட்டு எஃப் 5.6-க்கு வந்துவிடுங்கள்.

பறவை எடுப்பவர்கள் ஏமாறுவது மெகாபிக்சலில். ஈரோடு அருகே வெள்ளோடு பறவைகள் சரணாலயத்திலோ திருப்பூர் நஞ்சராயன் குளத்திலோ 50 மீட்டர் தள்ளி ஒரு மீட்டர் உயர மஞ்சள் மூக்கு நாரை நிற்கிறது. 55 மி.மீ. லென்ஸில் அது சென்சாரில் விழும் உயரம் 1.1 மி.மீ.தான். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சியில் அது சுமார் 280 பிக்சல். அதே லென்ஸோடு 45 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் வாங்கினால் கூடவில்லை, சுமார் 250 ஆகக் குறைகிறது! மெகாபிக்சல் கூடினாலும் அவை பெரிய சென்சார் முழுவதும் பரவிக் கிடக்கின்றன. 400 மி.மீ. லென்ஸ் மாட்டினால் நாரை 8 மி.மீ. உயரம், ஏபிஎஸ்-சியில் பாதி ஃபிரேம்.

அப்படியானால் விலை கூடிய பாடி வீணா? இல்லை. காசு வாங்கிக்கொண்டு கல்யாணம் எடுப்பவருக்கு இரண்டு கார்டு ஸ்லாட் அவசியம், ஒரு கார்டு பழுதானாலும் மற்றதில் படம் இருக்கும். தாலி கட்டுவதை இன்னொரு முறை எடுக்க முடியாது. பறக்கும் பறவையின் கண்ணை விடாமல் பிடிக்கும் ஆட்டோஃபோகஸுக்கும் காசு கொடுக்கலாம்.

கடை வெளிச்சத்தில் பத்துப் படம் எடுத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு முகூர்த்த நாளுக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். மண்டப விளக்கில் எடுத்த படத்தில் கறுப்புப் பட்டை ஓடினால் உடனே கேமராவைப் பழிக்க வேண்டாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சாதாரண விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கும். எலக்ட்ரானிக் ஷட்டரை (சத்தமில்லாமல் எடுக்கும் முறை) அணைத்து, ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 நொடியில் வையுங்கள். மேடையின் எல்இடி திரை வேறு வேகத்தில் துடிப்பதால் அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

கார்டையும் கணக்கில் சேருங்கள். 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) 4கே வீடியோ மணிக்கு 45 ஜிபி தின்னும்.

பில் இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம். கம்பெனி வாரண்டி கிடைக்காது, ஜிஎஸ்டி பதிவுள்ள ஸ்டுடியோவுக்கு உள்ளீட்டு வரியும் திரும்ப வராது. பழையது வாங்கினால் எஃப் 16-இல் வெள்ளைச் சுவரை எடுங்கள், சென்சார் தூசி புள்ளி புள்ளியாகத் தெரியும். பிறகு லென்ஸின் பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை. வால்பாறை மழையில் பையிலேயே கிடந்த லென்ஸில் இது சகஜம்.