மழை பெய்யும்போதே வளாகத்தைச் சுற்றிப் பாருங்கள்

தொழிற்சாலைக்கு மழைநீர் மாசுத் தடுப்புத் திட்டம் எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் வரைபடத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். அதற்கு முன், நல்ல மழையில் குடையோடு ஒரு சுற்றுப் போய் வாருங்கள். காகிதத்தில் நேராக ஓடும் தண்ணீர், தரையில் சரக்கு இறக்கும் இடத்துப் பக்கம் திரும்பி, எண்ணெய் பீப்பாய்களின் அடியை நனைத்துக்கொண்டு வடிகாலுக்குப் போவது அப்போதுதான் தெரியும்.

கையோடு நிறமில்லாத கண்ணாடி பாட்டில் ஒன்று இருக்கட்டும். நீர் வெளியேறத் தொடங்கி 30 நிமிடத்துக்குள் பிடித்துவிடுங்கள். தரையில் கிடந்த எண்ணெயும் உலோகத் தூளும் பெரும்பாலும் அந்த முதல் ஓட்டத்தில்தான் அடித்துக்கொண்டு வரும். அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தொழிற்சாலை மழைநீர் அனுமதியும் இதே 30 நிமிடத்தைத்தான் சொல்கிறது, அதுவும் காலாண்டுக்கு ஒரு முறை. பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள்: நிறம், கலங்கல், நுரை, மேலே வானவில்லாய் மின்னும் எண்ணெய்ப் படலம். மூடியைத் திறந்தால் வாடையே பாதி கதையைச் சொல்லிவிடும். அப்புறம் கொஞ்ச நேரம் அசைக்காமல் வையுங்கள், அடியில் என்ன படிகிறது என்று தெரியும்.

உடனே வடிகட்டி வாங்க ஓட வேண்டாம். இரும்புக் கழிவுத் தொட்டிக்கு மூடி, பீப்பாய்களுக்குக் கூரை, இவையே பல இடங்களில் போதும். சிந்தியதைக் குழாய்த் தண்ணீரால் கழுவித் தள்ளாமல், உறிஞ்சும் தூளைப் போட்டுப் பெருக்கி அள்ளச் சொல்லுங்கள். எண்ணெய்த் தொட்டியைச் சுற்றிய தடுப்புச்சுவரின் வடிகால் வால்வு எப்போதும் மூடியே இருக்க வேண்டும். தேங்கிய நீரில் எண்ணெய் இல்லை என்று பார்த்த பிறகே திறக்கலாம்.