பிரிண்டர் ஹெட் அடைத்துக்கொண்டால் அவசரத்தில் செய்யக் கூடாதவை

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டுமே திறக்கப்படும் வீடுகளில், துணி போர்த்தி வைத்திருந்த இங்க்ஜெட் பிரிண்டரில் சாமான் பட்டியல் அடிக்கும்போது எழுத்துக்கு நடுவே வெள்ளைக் கோடு விழுவது வழக்கமான தொல்லை. மையைத் தாளில் தெளிக்கும் பகுதியான ஹெட்டின் நுண்ணிய நாசில் துளைகளில் மை காய்ந்திருப்பதே பெரும்பாலும் காரணம். ஆனால் காய்ந்த மையைவிட, அதை நீக்குவதாக எண்ணி நாம் செய்பவற்றால்தான் ஹெட் அதிகம் கெடுகிறது.

முதல் தவறு, பிரிண்டரே ஹெட்டைச் சுத்தம் செய்துகொள்ளும் ஹெட் கிளீனிங்கை அடுத்தடுத்து ஓடவிடுவது. ஒவ்வொரு முறையும் டேங்கிலுள்ள மை உறிஞ்சப்பட்டு அடியிலுள்ள பஞ்சில் போய்ச் சேர்கிறது. பஞ்சு நிறைந்துவிட்டதாகக் கணக்கு வந்தால் பல பிரிண்டர்கள் அடிப்பதையே நிறுத்திவிடும். நான் ஒரே இரவில் ஏழு முறை ஓடவிட்டு, கால் டேங்க் மையை இழந்ததுதான் மிச்சம். ஒருமுறை ஓடவிட்டதும் எல்லாத் துளையிலும் மை வருகிறதா என்று காட்டும் நாசில் செக் தாளை எடுத்து, அதற்கு முந்தைய தாளோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இடைவெளி அதே இடத்தில் நின்றால் பெரும்பாலும் காய்ந்த மை. இடம் மாறி மாறி வந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கலாம். டேங்கில் மை கீழ்க்கோட்டுக்கு இறங்கியிருந்தால் முதலில் நிரப்புங்கள். இரண்டு மூன்று முறையில் சரியாகாவிட்டால், பிரிண்டரை அணைத்து ஓர் இரவு விட்டுவிடுவதே மேல். காற்றுக் குமிழி அடங்கவும் காய்ந்த மை இளகவும் அந்த நேரம் உதவும்.

அடுத்தது தண்ணீர். நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீர் வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிய விடுவதைப் பார்த்த பிறகும், அதையே ஹெட்டில் தொட்டு வைப்பவர்கள் இருக்கிறார்கள். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வாங்கும் டிஸ்டில்டு வாட்டர் போதும். அதே கடையில் பேட்டரி ஆசிடும் விற்கிறார்கள் என்பதால், லேபிளைப் படித்து வாங்குங்கள்.

நாசில் துளை தலைமுடியைவிட மெல்லியது. ஊசி எதற்கும் உதவாது, பஞ்சு நூல் விட்டுப்போகும். கார்ட்ரிஜிலேயே ஹெட் இருக்கும் வகையானால், நூல் பிரியாத துணியை நனைத்துப் பிழிந்து அதன்மேல் சில நிமிடங்கள் ஹெட்டை அழுத்தாமல் வைத்திருந்தால் மை தானே ஊறி இறங்கும். சிரிஞ்சால் வேகமாக நீர் செலுத்துவது எல்லாவற்றிலும் ஆபத்தானது, உள்ளே மின்தொடர்பில் ஈரம் பட்டால் ஹெட்டையே மாற்ற நேரலாம்.

ஊருக்குக் கிளம்பும்போது மெயினை இறக்கிவிடும் பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். பிரிண்டரின் சொந்தப் பொத்தானை அழுத்தி அணைத்தால்தான் ஹெட் ஓரத்திலுள்ள மூடிக்குள் போய் அமரும். பாதி வேலையில் மின்சாரத்தை நிறுத்தினால் அது திறந்தபடியே நின்று, சித்திரை வெயிலில் காய்ந்துபோகும். வெள்ளிக்கிழமை விளக்கேற்ற வருபவரிடம், எல்லா நிறமும் உள்ள ஒரு பக்கத்தை அடித்துவிட்டு, பொத்தானை அழுத்தி ஓசை அடங்கும்வரை நின்றுவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன்.