இங்கிலீஷ் வார்த்தையின் பூர்வீகத்தைத் துருவுவது எப்படி?

மொட்டை மாடியில் டியூஷன் எடுக்கிறேன். போன மாதம் ஒரு பையன், "ஃபுட்டும் பாதமும் ஒண்ணா மிஸ்?" என்றான். ஒன்றுதான். அதை அவனே சோதிக்கச் சொல்லிக்கொடுத்த வழி இது.

முதலில் வார்த்தையைப் பார்த்து எடுங்கள். உடல் உறுப்பு, எண், நெருங்கிய உறவு என்றால் நல்லது. 'கவர்மென்ட்', 'ஜஸ்டிஸ்' எல்லாம் 1066இல் பிரான்சிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு வழியாக வந்தவை. உறவிலும் கவனம் தேவை: ஃபாதர் பழசு, அங்கிளும் ஆன்ட்டும் பிரெஞ்சு சரக்கு! 'ஸ்க' என்று தொடங்கினால், ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த கடலோடிகளான வைக்கிங்குகளைச் சந்தேகப்படுங்கள். ஸ்கை, ஸ்கின் அவர்கள் கொடுத்தவை. ஷர்ட்டும் ஸ்கர்ட்டும் ஒரே வேரிலிருந்து வந்தவைதான். முன்னது உள்ளூர் உச்சரிப்பு, பின்னது வைக்கிங் உச்சரிப்பு.

அடுத்து ஜெர்மனில் தேடுங்கள். 5ஆம் நூற்றாண்டில் ஆங்கிள்களும் சாக்சன்களும் இன்றைய வட ஜெர்மனி, டென்மார்க் பக்கமிருந்துதான் பிரிட்டனுக்குக் கப்பலேறினார்கள். ஃபுட்டுக்கு ஜெர்மனில் 'ஃபூஸ்', ஃபாதருக்கு 'ஃபாட்டர்'. சரி, சொந்தம் உறுதி.

இனிதான் ருசியான வேலை. இங்கிலீஷும் சமஸ்கிருதமும் ஒரே ஆதி மொழியிலிருந்து கிளைத்தவை; தமிழ் வேறு குடும்பம். அதனால் சமஸ்கிருதத்தோடு ஒப்பிடுங்கள், அதற்கு நம் தமிழில் புழங்கும் வடசொற்களே போதும். இங்கிலீஷ், ஜெர்மன் முதலான ஜெர்மானிய மொழிகளின் மூதாதை மொழியில் 'ப' எல்லாம் 'ஃப' ஆனது: பிதா, ஃபாதர். மெல்லிய 'த' வல்லின 'ட' ஆனது: தசரதனில் இருக்கும் தசம், டென், யானைத் தந்தம், டூத். பாதம், ஃபுட் ஜோடியில் இரண்டு மாற்றமும் இருக்கிறது பாருங்கள். இந்த ஒழுங்கை 1822இல் விரிவாக எழுதியவர் யாக்கோப் கிரிம். ஆமாம், தேவதைக் கதை கிரிம்தான்.

ஒலி ஒற்றுமையை மட்டும் நம்பாதீர்கள். 'எய்ட்', 'எட்டு' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதை ஜெர்மன் 'ஆக்ட்', லத்தீன் 'ஒக்டோ' பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நடுவில் ஒரு 'க்' இருந்திருக்கிறது. நம் எட்டுக்கும் அதற்கும் உறவில்லை. 'ஒன்', 'ஒன்று' கதையும் இதேதான்.

அந்தப் பையன் இந்த வாரம், முழங்காலுக்கு எழுதும் 'நீ'யில் சும்மா ஒரு 'கே' ஏன் என்று கேட்டான். ஒரு காலத்தில் அதை உச்சரித்தார்கள். ஜெர்மன்காரர்கள் இன்றும் 'க்னீ' என்கிறார்கள். சமஸ்கிருதத்தில் 'ஜானு'. கை முழங்கால் வரை நீண்டவனைத்தானே ஆஜானுபாகு என்கிறோம்?